விண்மீனுக்கு ஒரு வீடு, மனிதனுக்கு?

தோழா!

சவ்வாது மலைக்குச் சென்று திரும்பியிருக்கிறேன். பேசுவதற்கென்று போனவன் நான். ஆனால் பேசியதைவிடக் கேட்டது மிகுதி. கேட்டதைவிடக் கண்டது மிகுதி. கண்டவற்றுள் மூன்று வீடுகள் கண்ணைவிட்டு அகல மறுக்கின்றன. ஒன்று, விண்மீன்களைக் காண்பதற்காகக் கட்டப்பட்டது. மற்றொன்று, மாண்டவர்களுக்காகக் கட்டப்பட்டது. மூன்றாவது, வாழ்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. முதல் இரண்டையும் கண்டு வியந்தேன். மூன்றாவதைக் கண்டு வெட்கினேன். ஏன் என்று கூறுகிறேன், கேள்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் எனும் மூன்று மாவட்டங்களிலும் கால் பரப்பிக் கிடக்கிறது சவ்வாது மலை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம். பலாவும் புளியும் தேனும் தரும் காடு. அங்கே வாழ்வோர் 'மலையாளி' எனும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை எண்ணிவிடாதே! மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது நம் தமிழ். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஊர்ப் பெயரிலேயே நாடு உண்டு அவர்களுக்கு. பெயரிலே ஆட்சி இருக்கிறது. ஊரிலே நாடு இருக்கிறது. ஆனால் தன் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் இருக்கிறதா? இதுதான் இந்த ஞாயிறு நான் உன்முன் வைக்கும் வினா.

முதல் வீட்டுக்கு வா. ஆலங்காயத்துக்கு அருகே, மலைமீது, காவலூர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். ஒளி கெடுக்காத வானம் எங்கே உண்டு என்று தேடி அலைந்த வானியலறிஞர் வைணு பாப்பு, 1960-களில் தேர்ந்தெடுத்த இடம். 1968-இல் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977-இல் உலகம் அறிந்ததே, அதற்குச் சான்று கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று! 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-இல் திறந்து வைக்கப்பட்டது. அதைக் காண பாப்பு உயிரோடு இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரை அது தாங்கி நிற்கிறது.

அந்தக் கட்டடத்தைப் பார்! தொலைநோக்கி எத்திசையும் நோக்கவேண்டும். ஆகவே கூரை சுழல்கிறது. பகலில் மூடியும் இரவில் திறந்தும் இருக்கவேண்டும். ஆகவே கூரை பிளந்து வழிவிடுகிறது. பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்ப அலை பார்வையைக் கலைக்கும். ஆகவே கருவி உயரத்திலே அமர்ந்திருக்கிறது. குடியிருக்கப்போகும் கருவிக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள்; பிறகுதான் வரைபடத்தை விரித்தார்கள். வாய் பேசாத கண்ணாடிக்குக் காட்டிய மரியாதை அது!

இரண்டாவது வீடு, நூற்றாண்டுகள் பலவற்றுக்கு முற்பட்டது. பெருங்கற்கால மக்கள் விட்டுச் சென்ற கல்திட்டைகள் சவ்வாது மலையில் உண்டு. பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக்கி, மாண்டவரின் நினைவுக்கு எழுப்பிய இல்லம். இத்தகைய திட்டைகளின் முன்கல்லிலே வட்டமாகத் துளையிடுவதும் உண்டு. சிமெண்டு இல்லை, கம்பி இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. காற்றும் மழையும் எத்தனையோ நூற்றாண்டுகள் மோதிப் பார்த்தும் நிற்கிறது. எதனால்? மலை தந்த கல்லை அறிந்தவன், மலையின் மழையை அறிந்தவன், யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை அறிந்தவன் கட்டினான்!

இனி மூன்றாவது வீடு.

கூட்டம் முடிய இரவு ஒன்பது மணியாயிற்று. கீழே இறங்கப் பேருந்து இல்லை. உள்ளூர்த் தோழர் ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடு. முகப்பிலே வண்ணம், சுவரிலே திட்டத்தின் பெயர். உள்ளே நுழைந்தேன், கால் வைக்க இடமில்லை! சாமை மூட்டைகள், புளிக் கூடைகள், கலப்பை, கயிறு, மண்வெட்டி. "படுப்பது எங்கே?" என்றேன். பின்புறம் கை காட்டினார். அங்கே நின்றது பழைய வீடு. மூங்கில் தட்டியில் மண் அப்பிய சுவர். புல் வேய்ந்த கூரை. சாணமிட்டு மெழுகிய உயர்ந்த திண்ணை. குடும்பம் முழுவதும் அங்கே! அரசு கட்டிய வீட்டிலே மூட்டை குடியிருக்கிறது. குடும்பம் தானே கட்டிக்கொண்ட வீட்டிலே மனிதர் குடியிருக்கிறார்கள்!

அந்த வீட்டு அம்மையார் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"வெயில் காலத்துல உள்ள உக்கார முடியல தம்பி, வேகுது. மார்கழியில தரை சில்லுனு ஏறுது. அடுப்பு மூட்டினா பொகை போக வழி இல்ல. பெரியவங்க உக்காரத் திண்ணை இல்ல. ஆட்டை எங்க கட்டறது?"

"அப்படியானால் கூரை வீடே போதும் என்கிறீர்களா அம்மா?" என்றேன்.

"ஐயோ, வேணாம் தம்பி! வேயறதுக்குப் புல்லு எங்க கெடைக்குது? ஒரு பொறி பட்டா எல்லாம் சாம்பல். கெட்டி வீடுதான் வேணும். ஆனா, கட்டறதுக்கு முன்ன எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஒரு வார்த்தை! தோழா, நூறு மேடைகளில் நான் பேசிய ஆயிரமாயிரம் வார்த்தைகளும் அந்த ஒரு வார்த்தையின் முன்னே தலை குனிந்து நின்றன.

நான் நாடகம் எழுதுகிறவன். நாடகத்துக்கும் வீடு கட்டுவோம். தட்டியிலே துணி ஒட்டி, துணியிலே சுவரும் சன்னலும் தீட்டி நிறுத்துவோம். அந்த வீடு முன்னாலிருந்து பார்க்க அழகாக இருந்தால் போதும். அதிலே எவரும் சோறு பொங்கப் போவதில்லை. பிள்ளை பெறப் போவதில்லை. மழைக்கு ஒதுங்கப் போவதில்லை. திரை விழுந்ததும் சுருட்டி வைத்துவிடுவோம். ஆனால், திறப்பு விழா நாளில் படம் எடுப்பதற்கு மட்டும் அழகாக நிற்கும் வீட்டை மெய்யான மண்ணிலே கட்டலாமா? திரை விழுந்த பின்னரும் அதிலே வாழ்ந்தாகவேண்டியவர்கள் அல்லவா அந்த மக்கள்!

"கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், கட்டடக்கலை பேசுகிறானே" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அந்த அம்மையார் பேசியதுதான் கட்டடக்கலை. நான் அதற்கு உரை எழுதுகிறேன், அவ்வளவே!

அவர் கூற்றை அறிவியல் தராசிலே நிறுத்துப் பார். நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. மாலையிலிருந்து அதை உள்ளே உமிழ்கிறது. கோடையிலே அது கொதிப்பு. மார்கழியின் குறுகிய பகலிலோ, குடித்து வைக்க வெயில் போதாது. தளமும் சிமெண்டுத் தரையும் இரவுக் குளிரை வாங்கி உடலுக்குத் தருகின்றன. புல் கூரை அப்படியன்று. வெளி வெப்பத்தை உள்ளே விடத் தயங்கும், உள் வெப்பத்தை வெளியே விடவும் தயங்கும். மண் சுவர் மெல்ல வாங்கி மெல்லத் தருவது.

அடுப்பைப் பார். விறகு எரியும் வீட்டிலே புகை கூரைப் புல்லின் இடுக்குகளில் கசிந்து வெளியேறும். போகிற போக்கில் கூரையில் கட்டிவைத்த விதைக் கதிர்களைப் பூச்சி அண்டாமல் காத்துவிட்டுப் போகும். நாற்புறமும் அடைத்த கான்கிரீட் அறையிலே, புகைபோக்கி இல்லாவிட்டால், அந்தப் புகை போகும் இடம் பெண்ணின் நுரையீரல்!

திண்ணையைப் பார். நகரத்து வரைபடத்திலே திண்ணை வீண் இடம். மலையிலே அதுதான் முதியவரின் அரியணை, விருந்தினரின் படுக்கை, பெண்கள் தானியம் புடைக்கும் பட்டறை, ஊர் வழக்குத் தீரும் மன்றம். அந்த ஆறடி அகலத்தை வெட்டியவன் செலவை மட்டும் வெட்டவில்லை, உறவையும் வெட்டினான்.

இவற்றை எவரும் கெட்ட எண்ணத்தால் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. ஒரே வரைபடம், ஒரே மதிப்பீடு, ஒரே கணக்கு. அலுவலகத்துக்கு அது எளிது. ஆனால் சமவெளிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மலைக்கு மாட்டினால் பொருந்துமா?

பணத்தின் கணக்கையும் பார். ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 2016-இல் வகுத்த அளவு இது: சமவெளியில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலை மாநிலங்களிலும் கடினமான பகுதிகளிலும் 1,30,000 ரூபாய். 'மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு' என்போமே, கணக்கேட்டில் அது 10,000 ரூபாய்! மணலும் செங்கல்லும் சிமெண்டும் வளைந்து வளைந்து மலையேறும் வண்டிக் கூலிக்கு அது எம்மூலை?

தமிழ்நாட்டில் 2011-இல் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியும், சூரிய ஒளி விளக்குகளும் தந்தது. மின்சாரம் விட்டு விட்டு வரும் மலைக்கு அந்த விளக்கு நல்ல எண்ணம். 2024-இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' 360 சதுர அடி, மூன்றரை இலட்சம் ரூபாய் என்று வளர்ந்தது. அதன் விதியிலே ஒரு சிறு வாசகம் உண்டு. அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மிச்சமுள்ள 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையைக் குடியிருப்போர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். விருப்பம் என்ற சொல் அரசாணைக்குள் நுழைந்துவிட்டது, தோழா! 60 சதுர அடிக்குள் நுழைந்த அந்தச் சொல், 360 சதுர அடியிலும் நடமாடக் கூடாதா?

"கேட்டுக் கேட்டுக் கட்டினால் கட்டி முடியுமா? செலவு தாங்குமா?" என்பார்கள். முடிந்திருக்கிறது, தாங்கியிருக்கிறது. சான்று தருகிறேன்.

இங்கிலாந்திலே பிறந்த லாரி பேக்கர் 1945-இல் இந்தியா வந்தார், தொழுநோயாளர்க்கு இல்லங்கள் அமைக்கும் பணிக்காக. இமயத்தின் பித்தோராகர் மலையிலே 1963 வரை வாழ்ந்தார். கல்லூரி கற்றுத் தராததை அந்த மலைமக்களின் கல் வீடுகள் அவருக்குக் கற்றுத் தந்தன. கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தில் அந்தப் பாடத்தை நடத்திக் காட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவிலே காற்றுக்கு இடம்விட்டு எழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு': நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், சுவருக்குள் அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடியிலே பழைய ஓடுகளைப் பதித்து நிரப்பும் முறை: சிமெண்டும் கம்பியும் குறையும், பாரமும் குறையும். பூந்துறை மீனவர்களுக்கு 1970-களில் அவர் வீடுகள் வகுத்தபோது, படைவரிசை போல் நிறுத்தவில்லை. கடற்காற்று ஒவ்வொரு வீட்டுக்கும் கிட்டும்படி முன்னும் பின்னுமாக அமைத்தார். வலை பின்னவும் மீன் உலர்த்தவும் முற்றம் விட்டார். மீனவனுக்கு முற்றம் என்றால், மலையாளிக்குத் திண்ணை ஆகாதா?

மண்ணால் கட்டிவிட்டால் போதும் என்றும் மயங்கிவிடாதே. எகிப்திலே ஹசன் பாத்தி எனும் பெருங்கலைஞர், 1940-களில், கூர்னா மக்களுக்கென்று புதிய ஊரையே மண் செங்கல்லால் எழிலுற எழுப்பினார். உலகம் புகழ்ந்தது, ஆனால் மக்களிற் பெரும்பாலோர் அங்கே குடியேறவில்லை. தங்கள் பிழைப்பு இருந்த இடத்தை விட்டு வர அவர்கள் விரும்பவில்லை. மண் குற்றமன்று, கலைஞன் குற்றமன்று, மக்களை இடம் பெயர்க்க முடிவெடுத்த மேலிடம், மக்களின் மனத்தைக் கேட்கவில்லை. கான்கிரீட்டா மண்ணா என்பதன்று சிக்கல். கேட்டாயா, கேட்கவில்லையா என்பதே சிக்கல்!

எகிப்து வரை போவானேன்? சவ்வாதுக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே கிடக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. ரெஜி ஜார்ஜ், லலிதா எனும் மருத்துவ இணையர் 1993-இல் அங்கே சென்றபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு காணாமல் மடிந்தன. அவர்களின் முதல் மருத்துவமனை எது தெரியுமா? ஒரு குடிசை! பின்னர் மெல்ல மெல்ல, உள்ளூர் உழைப்போடு, ஆடம்பரமற்ற கட்டடங்கள் எழுந்தன. பிள்ளைகளின் சாவைப் பன்மடங்கு குறைத்தது கட்டடமன்று; மருத்துவமும், ஊர்ப் பெண்களையே நலப்பணியாளர்களாக்கிய பயிற்சியும்தான். ஆயினும், அஞ்சாமல் உள்ளே வரும்படி இருந்த வாசலுக்கும் அதிலே பங்குண்டு என்பேன். கட்டடக்கலை பயின்ற கிருஷ்ணா, அனுராதா இணையர் அதே சிட்டிலிங்கியில் 2004-இல் 'துளிர்' எனும் கற்றல் மையத்தைத் தொடங்கினர். மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டினர். கட்டும் தொழிலையே உள்ளூர் இளைஞர்களுக்குப் பாடமாகவும் ஆக்கினர். வீடும் எழுந்தது, வீடு கட்டத் தெரிந்த கைகளும் எழுந்தன. கூலி மலையை விட்டு இறங்கிப் போகவில்லை!

அரசாலும் முடியும். பழங்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் 'பேறுகாலக் காத்திருப்பு அறை' அமைத்தது தமிழ்நாடு. நள்ளிரவில் வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வரும் கொடுமை வேண்டாம்; நாள் நெருங்கும்போதே துணையோடு வந்து தங்கட்டும் என்ற எண்ணத்திலே பிறந்த அறை. சில சதுர அடிதான்! ஆனால் அந்த மலைப்பாதையை அறிந்த ஒருவர் அதை எண்ணியிருக்கிறார். ஒரு பெண்ணின் இன்னலைத் தொடக்கமாக வைத்து வரையப்பட்ட அறை, இரண்டு உயிரைக் காக்கிறது. அதே கண்ணோடு பள்ளியை வரை, விடுதியை வரை, வீட்டை வரை. அதைத்தான் கேட்கிறோம்.

கேட்பது யார்? நீயும் நானும்தான், தோழா! கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பயனாளிகள் பட்டியல் படிக்கப்படும்போது நீ எழுந்து நிற்கிறாய், "எங்கள் ஊரில் எத்தனை வீடு?" என்று கேட்கிறாய். கேள், அது உன் கடமை. ஆனால், பட்டியலிலே யார் பெயர் என்று கேட்கும் நீ, படத்திலே என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டாயா? நானும் கேட்டதில்லை. இத்தனை ஆயிரம் வீடுகள் என்று எண்ணிக்கையை முழங்கிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த இரவு, மூட்டைகளின் நடுவே நின்றபோதுதான், எண்ணிக்கை வேறு, இல்லம் வேறு என்று எனக்கு உறைத்தது.

ஆகவே, அடுத்த கிராம சபையிலே கேள். அடித்தளம் தோண்டுமுன் வரைபடத்தை மக்கள்முன் விரிக்கச் சொல். தாளிலே புரியாவிட்டால், தரையிலே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போடச் சொல். வீட்டுப் பெண்ணை அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல். அடுப்பு எங்கே, பரண் எங்கே, ஆடு எங்கே, முதியவர் எங்கே என்று அவள் காட்டட்டும். அதன்படி கோடு மாறட்டும். மலைக்கென்று மூன்று நான்கு மாதிரிகள் வகுக்கச் சொல். திண்ணை ஒன்றிலும், புகைபோக்கி எல்லாவற்றிலும் இருக்கட்டும். சாய்ந்த ஓட்டுக் கூரை கேட்பவனுக்கு அதைத் தரட்டும். மலை இளைஞர்களுக்குக் கொத்து வேலை பயிற்றி, அவர்கள் கையாலேயே கட்டச் சொல். ஏற்றுக் கூலியை மலையின் உயரத்துக்கு ஏற்பக் கணக்கிடச் சொல். இதற்கெல்லாம் கோடி கோடியாக வேண்டாம்; வேண்டுவது, கொடுப்பவன் என்ற செருக்கை விட்டு, கேட்பவன் என்ற பணிவு!

மறுநாள் அதிகாலை மலையிறங்கும்போது, வழியிலே காவலூரின் வெண்ணிறக் குவிமாடம் தெரிந்தது. இரவெல்லாம் விண்ணைப் பார்த்துவிட்டுக் கண் மூடியிருந்தது. விண்மீன் ஒருபோதும் மனுக் கொடுத்ததில்லை. ஆயினும் அதைக் காண அந்தக் கூரை திரும்புகிறது. அதே மலையிலே, வாய் திறந்து, தமிழிலே, ஒரு தாய் சொல்கிறாள்: "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எட்டாத விண்மீனுக்காகத் திரும்பும் கூரை, எட்டும் தொலைவில் நிற்கும் அந்தத் தாய்க்காகத் திரும்பாதா? திரும்பும், தோழா. நாம் முதலில் அவள் பக்கம் திரும்பினால்!